காலி ஆட்டத் தளத்தில் வாசித்தவர்தான் அந்த இரவின் ஆள். கூடவே ஒரு பாட்டைத் தேடுகிறேன்

நள்ளிரவுநடை

காதில் ரீங்காரம், கண்ணில் தூக்கம். இருந்தாலும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று இரவு கிளப்பில் மூன்று ஹவுஸ் டிஜேக்கள். ஹவுஸ் என்பது ஒரு வகை நடன இசை, டிஜே என்றால் ரெக்கார்டுகளை ஒன்றோடொன்று கலந்து ஓடவிடுகிறவர். சுவரொட்டியில் மூன்றாமவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டாமவர் பெயர் அதில் பாதி. முதலாமவர் பெயரைப் படிக்க அம்மாவின் கண்ணாடியைக் கடன் வாங்க வேண்டும். வழக்கமாகப் பன்னிரண்டுக்கு முன் நான் போவதே இல்லை. நேற்று காரில் கூட்டிப்போன தோழிக்கு என்ன அவசரமோ, பத்தேகாலுக்கே உள்ளே நிற்கிறோம். மொத்தம் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம், அதில் நாலு பேர் அங்கே வேலை பார்ப்பவர்கள். ஒருவர் இன்னும் நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தார்.

மூலையில் ஒரு மேசை, ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டு, இரண்டின் ஒலியையும் கலக்க வட்டக் குமிழ்கள் வைத்த பழைய மாதிரி மிக்ஸர். அதன் பின்னால் ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம். குனிந்த தலை நிமிராமல் ரெக்கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். இசை மெதுவாக, கொஞ்சம் அசமந்தமாகத்தான் இருந்தது. சத்தமும் குறைவு, பக்கத்தில் பேசினால் கேட்டது. தோழி முகம் சுளித்தாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதினொன்றரைக்கு நான் ஆடிக்கொண்டிருந்தேன். சுவரை விட்டு எப்போது நகர்ந்தேன் என்பது நினைவில் இல்லை. சுற்றிலும் அறுபது எழுபது பேர். யாரும் கையைத் தட்டி அழைக்கவில்லை, மைக்கில் கத்தவில்லை. அந்தி இருட்டுவது போலத்தான். எந்த நிமிடத்தில் விளக்கைப் போட்டோம் என்று யார் நினைவு வைத்துக்கொள்கிறோம்? அவர் வாசித்த இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் வந்த இரண்டு பேரும் எனக்கு உறைக்கவே இல்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது விஷயம். பதினொன்று இருபது வாக்கில் ஒரு பாட்டு வந்தது. குரல் கிடையாது. பியானோ, நாலே நாலு இசைக்கூட்டுகள், திரும்பத் திரும்ப. அதன் அடியில் ஒரு பேஸ் (கீழ்ச்சுர வரிசை), பியானோவோடு கோபித்துக்கொண்டு வேறு பக்கம் நடந்துபோய், ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் வந்து சேர்ந்துகொள்ளும். ஆறேழு நிமிடமாவது ஓடியிருக்கும். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியை இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை ஏதோ பெயர் சொன்னது. வீட்டுக்கு வந்து அதைக் கேட்டால் அதில் பியானோவே இல்லை! யாருக்காவது ஏதாவது தெரியுமா?

பின்வரிசை

"குரல் கிடையாது, பியானோ, நாலு இசைக்கூட்டு." அம்மணி, ஹவுஸ் இசையில் பாதி இதுதான்.

சந்தேகப்பிராணி

ஒரு சின்னக் கேள்வி, சண்டைக்கு இல்லை. "வாசித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வாசித்தார்? வீணையையா? யாரோ செய்து வைத்த பாட்டை ஒருவர் போட்டார். பாட்டு போடுகிறவருக்கு "வாசித்தார்" என்ற வினைச்சொல்லைக் கொடுத்தால், அப்புறம் விரல் தேய வயலின் சாதகம் பண்ணுகிறவருக்கு என்ன கொடுப்பீர்கள்? நானும் இரண்டு மூன்று தடவை கிளப்புக்குப் போயிருக்கிறேன். டிஜே ஒரு பொத்தானை அழுத்துவார், கையை மேலே தூக்குவார். கை தூக்கும் நேரம்தான் அதிகம்.

குமிழ்திருகி

சந்தேகப்பிராணி அண்ணா, கை தூக்குகிறவர்களைப் பற்றி எனக்கும் உங்கள் கருத்துதான். ஆனால் நள்ளிரவுநடை சொல்கிற பெண்மணி கையைத் தூக்கியதாகத் தெரியவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லையே.

நான் எட்டு வருடமாக வார்ம்-அப் செட் போடுகிறவன், அதாவது முதலில் வந்து அறையைச் சூடேற்றுகிறவன். சுவரொட்டியில் கண்ணாடி போட்டுப் படிக்கும் பெயர் என்னுடையது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி வேண்டும்.

ஹவுஸ் பாட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 120-லிருந்து 130 அடிக்குள் ஓடும். ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் (பெரிய முரசு), இரண்டுக்கும் நாலுக்கும் கிளாப் (கைத்தட்டல்), அடிக்கும் அடிக்கும் நடுவில் 'ட்ஸ்' என்று திறந்த ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு). வினைலில், அதாவது ரெக்கார்டில், இரண்டு பாட்டைச் சேர்க்க வேண்டுமானால், ஒரு காதில் தளத்தில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு, இன்னொரு காதில் ஹெட்ஃபோன் வழியாக அடுத்ததைக் கேட்டு, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம். அதாவது 124-ல் இருக்கும் பாட்டை 114-லிருந்து 134 வரை இழுக்கலாம். இழுத்துப் பொருத்திவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ரெக்கார்டு மெல்ல மெல்ல விலகிக்கொண்டே இருக்கும். விரல் நுனியால் தட்டிப் பக்கத்தில் தடவிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு கிக்கும் மயிரிழை விலகினால் குதிரை ஓடுவது போலக் கேட்கும். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான்: குதிரை ஓட்டம்.

இன்னொன்று பேஸ். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் அறையே சேறாகிவிடும். ஒன்றின் பேஸ் குமிழை இறக்கும்போது மற்றதை ஏற்ற வேண்டும், அதுவும் கேட்பவருக்குத் தெரியாமல்.

இதெல்லாம் கைவேலை. பழகினால் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். வராதது வேறு. பத்தரை மணிக்கு அறை காலி. கையில் உங்களுக்குப் பிடித்த அதிரடிப் பாட்டு நூறு இருக்கிறது. அதில் ஒன்றையும் போடக் கூடாது. போட்டால் நாலு பேர் ஆடுவார்கள், ஐந்தாம் நிமிடம் களைத்துப் போய் ஓரத்துக்குப் போய்விடுவார்கள், மீண்டும் வரமாட்டார்கள். 118-ல் ஆரம்பித்து, சத்தத்தைக் கையை மீறவிடாமல், வருகிறவர் முதலில் கால் அசைக்க, அப்புறம் தோள் அசைக்க, அப்புறம் தானாக உள்ளே வர விட வேண்டும். நடுவே ஒரு ஐந்து பேர் வெளியே புகைக்கப் போவார்கள். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அப்போது பயந்து பெரிய பாட்டைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. நான் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன்.

மரப்பெட்டி

பாட்டுக்கு வருவோம். குரலற்ற பழைய ஹவுஸ் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது லாரி ஹெர்டு, மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 1986-ல் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்'. அதில் இருப்பது பியானோ இல்லை, சிந்தசைசர். ஆனால் கிளப்பின் இருட்டில் மயங்கிக் கேட்டால் பியானோ என்று தோன்றினாலும் தோன்றும். பியானோதான் என்று அடித்துச் சொல்கிறீர்களானால் அதே வருடம் மார்ஷல் ஜெஃபர்சன் செய்த 'மூவ் யுவர் பாடி'. சிகாகோவில் தபால் அலுவலகத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஹவுஸுக்குள் பியானோ இவ்வளவு உரிமையோடு புழங்குவதற்கு அந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதில் குரல் இருக்கிறது.

பெட்டியில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன். மொத்தம் மூவாயிரம் சொச்சம், அகர வரிசையில் இல்லை, யாரும் சிரிக்க வேண்டாம்.

நள்ளிரவுநடை

மரப்பெட்டி ஐயா, இரண்டையும் கேட்டேன். இரண்டும் இல்லை. முதலாவது மனசைப் பிசைந்துவிட்டது, அது வேறு. ஆனால் நான் கேட்டது நிச்சயம் பியானோ. சுத்தியல் கம்பியில் விழும் அந்தத் 'டொக்' காதில் இருக்கிறது.

குமிழ்திருகி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கும்பல் வெளியே போனது. தளத்தில் நாங்கள் எட்டுப் பேர்தான். அப்போது அவர் வேகத்தைக் கூட்டவில்லை, முன்னைவிட இளைத்த பாட்டு ஒன்றைப் போட்டார், வெறும் தாளமும் கைத்தட்டலும். எனக்கு அப்போது அது விசித்திரமாக இருந்தது. போன கும்பல் திரும்பி வந்தபோது நேராகத் தளத்துக்கே வந்தது.

சந்தேகப்பிராணி

கைவேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போதைய கருவிகளில் சிங்க் என்று ஒரு பொத்தான் இருக்கிறதாமே. அழுத்தினால் இரண்டு பாட்டும் தானாகப் பொருந்திவிடும். பிறகு இந்த விரல் நுனி, குதிரை ஓட்டம் எல்லாம் எதற்கு? பிடிவாதம்தானே?

குமிழ்திருகி

பாதி பிடிவாதம்தான், மறுக்கவில்லை. நானே இப்போது பென்-டிரைவோடு போகிறேன், முதுகு வலிக்கு வினைல் ஆகாது. சிங்க் அழுத்துவதும் உண்டு. அது வேகத்தைப் பொருத்தும், சரி. எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, எந்த இடத்தில் உள்ளே விடுவது, எவ்வளவு நேரம் சேர்ந்து ஓடவிடுவது, எப்போது விலக்குவது என்பதற்குப் பொத்தான் கிடையாது. சிங்க் அழுத்திவிட்டு மொக்கையாகச் செட் போடுகிறவர்கள் ஏராளம். வினைலில் மொக்கையாகப் போடுகிறவர்களும் அதே அளவு ஏராளம், அவர்கள் கூடுதலாக அலட்டிக்கொள்வார்கள்.

எட்டுக்கட்டை

கர்நாடக இசைப் பக்கமிருந்து வழி தவறி இந்த இழைக்குள் வந்தவன் நான். "எந்த இடத்தில் உள்ளே விடுவது" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை.

என் மருமகன் இழுத்துக்கொண்டு போனதால் ஒரு தடவை ஹவுஸ் இரவுக்குப் போனேன். முதல் அரை மணி நேரம் 'இது என்ன, ஒரே அடி, இடிக்கிற இயந்திரம் மாதிரி' என்று இருந்தது. வேறு வேலை இல்லாததால் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். நாலு அடி ஒரு சுற்று. எட்டுச் சுற்றுக்கு ஒரு தடவை ஏதோ சின்னதாக மாறுகிறது, ஒரு தட்டு கூடுகிறது அல்லது காணாமல் போகிறது. முப்பத்திரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பெரிதாக மாறுகிறது. 124 வேகத்தில் முப்பத்திரண்டு சுற்று என்பது கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அது பிடிபட்டதும் என் முகம் மாறிவிட்டதாக மருமகன் சொன்னான். நல்ல டிஜே அடுத்த பாட்டின் முதல் அடியை, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் சுற்று புதிதாகத் தொடங்கும் அடியில்தான் இறக்குகிறார். தனி ஆவர்த்தனத்தில் (கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) கோர்வை வந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் விழும்போது தொடையில் தானாகக் கை விழுமே, அது அங்கே எனக்கு இரண்டு தடவை நடந்தது. பக்கத்தில் இருந்தவர் தொடையில்தான் விழுந்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நம் ஆள் ஒருவர் பெயரையும் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங், மும்பைத் திரையிசைக் கலைஞர். 1982-ல் ரோலண்டின் டிபி-303 (பேஸ் கருவி), டிஆர்-808 (தாளக் கருவி) இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்தபோது உலகமே வாயைப் பிளந்தது, இது ஹவுஸின் ஒரு வகையான ஆசிட் ஹவுஸ் அல்லவா என்று. அதே 303-ஐத் திருகித் திருகிச் சிகாகோவில் ஃபியூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது 1987-ல்.

மரப்பெட்டி

அந்த 303 கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாத கலைஞருக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த கருவி அது. அந்த வேலைக்கு அது உதவவில்லை, சில வருடங்களிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த பிறகுதான் காசில்லாத பையன்கள் கையில் கிடைத்தது.

பெட்டியில் பாதி தேடியாயிற்று. இன்னும் கிடைக்கவில்லை.

அலைநீளம்

தொழில்முறையில் ஒலியமைப்பு செய்கிறவன். இரண்டு விஷயம்.

நள்ளிரவுநடை, அந்த பேஸ் "வேறு பக்கம் நடந்துபோய்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்? ஏன் கேட்கிறேன் என்றால், 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அது சுவரில் பட்டுத் திரும்பி வருகிற அலையோடு மோதும். சில இடங்களில் இரண்டும் கூடி நெஞ்சை இடிக்கும், கொஞ்சம் தள்ளி நின்றால் ஒன்றையொன்று தின்றுவிட்டு பேஸே இருக்காது. அறையின் இரண்டு பக்கமும் தனித்தனியாக சப்-வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) வைத்த கிளப்பில் நட்டநடுக் கோட்டில் நிற்பவருக்கு இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஓரமாகப் போகப் போக ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், சில சுரங்கள் காணாமல் போகும். ஆகவே ஆடிக்கொண்டே நகர்ந்தால் பேஸ் வரிசையே வேறு மெட்டு போலக் கேட்கும். புதிதாக ஒரு கிளப்புக்குப் போனால் முதல் பாட்டிலேயே மெதுவாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். உங்களுக்கான இடம் தானாகத் தெரியும். பெரும்பாலும் அது ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்காது.

காலி அறையில் செட் போடுவது இன்னொரு வகையிலும் கஷ்டம். மனித உடம்பும் துணியும் மேல்சுரங்களை உறிஞ்சும். கூட்டம் இல்லாத அறையில் கிளாப்பும் ஹை-ஹாட்டும் சுவரெல்லாம் சிதறித் திரும்பி வரும். அவர் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, உங்கள் முதல் வரி. "காதில் ரீங்காரம்" என்று பெருமையோடு எழுதுகிறோம், நானும் இருபது வயதில் அப்படித்தான். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கும் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசைக்கூடங்களுக்கு வெளியிட்ட தரத்தில், பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. தாண்டாத கிளப் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். இசைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு போன்றது வேண்டாம், அது மேல்சுரங்களை அதிகமாகத் தின்றுவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது போல ஆக்கிவிடும். வடிகட்டி வைத்தது எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். எனக்கு இடது காதில் ஒரு சுரம் பன்னிரண்டு வருடமாக நிற்காமல் ஓடுகிறது. ஷட்ஜமமா என்று கேட்காதீர்கள், எட்டுக்கட்டை.

எட்டுக்கட்டை

கேட்கத்தான் இருந்தேன். மன்னிக்கவும்.

பின்வரிசை

நான் எப்போதும் பின்வரிசையில் நிற்பது அறிவியல்பூர்வமாகச் சரி என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. அங்கே ஃபோன் தூக்கிப் படம் பிடிப்பவர்களும் குறைவு.

அது சரி, இரண்டாமவர் மூன்றாமவர் கதை என்னாயிற்று?

நள்ளிரவுநடை

அலைநீளம், நான் நின்றது கிட்டத்தட்ட நடுவில். ஆனால் தோழி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள், அவளுக்கும் பேஸ் அப்படித்தான் கேட்டிருக்கிறது, விசாரித்துவிட்டேன். காதடைப்பான் வாங்கிவிடுகிறேன், நிஜமாக.

இரண்டாமவர் கதை சுருக்கம். பன்னிரண்டேகாலுக்கு வந்தார். வந்ததும் ஓடிக்கொண்டிருந்த பாட்டைச் சடாரென்று வெட்டினார். ஒரு நொடி மௌனம், மைக்கில் ஒரு கூப்பாடு, அப்புறம் இடி. சத்தம் எகிறிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்தி, உர்ரென்று ஏற்றி, தடாலென்று போடுவார். முதல் மூன்று தடவை நானும் கத்தினேன். பத்தாவது தடவை தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். கூட்டம் என்னவோ கை தூக்கியது. ஆனால் கவனித்துப் பார்த்தால் 'தடால்' வந்து அரை நிமிடம் ஆடுவார்கள், அப்புறம் அடுத்ததற்காகக் காத்து நிற்பார்கள், ஃபோனோடு. ஆடுவதைவிடக் காத்து நின்றதே அதிகம்.

மூன்றாமவர் உண்மையிலேயே நல்ல கைக்காரர். பழைய கோஸ்பல் (கறுப்பினத் தேவாலயப் பாட்டு) குரல்களை நிறையக் கலந்தார், ஒரு இடத்தில் கண் கலங்கியது. ஆனால் அதற்குள் காது செத்துவிட்டது. மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டோம். அவருக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்று தெரியும்.

வாசலில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே காற்று வாங்கப் போய்த் திரும்பிய இரண்டு பெண்களை, கையில் முத்திரை இருந்தும், காவலர் ஒருவர் இருபது நிமிடம் நிற்க வைத்தார். அவர்கள் முன்னால் ஆண்கள் கூட்டம் ஒன்று முத்திரையைக் காட்டாமலே உள்ளே போனது. உள்ளே எவ்வளவு நல்ல இசை ஓடினாலும் வாசலில் இப்படி என்றால் என்ன பயன்?

மரப்பெட்டி

வாசல் விஷயம் வயிற்றெரிச்சல். இந்த இசை பிறந்த இடமே, வேறு எங்கும் உள்ளே விடப்படாதவர்கள் கூடிய இடம்தான். சிகாகோவில் 1977-ல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' கிளப்பில் வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீனியரும், அவர்களிலும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் அதிகம். அங்கே நியூயார்க்கிலிருந்து வந்து நிலைத்த டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ். அந்தக் கிளப் பெயரின் வால்தான் 'ஹவுஸ்' ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளர் தலைமையில் ஹவுஸுக்கு முன்னோடியான டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த மைதானத்தில் அன்று இருக்கை காட்டும் வேலையில் இருந்த பையன் வின்ஸ் லாரன்ஸ். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். ஆட்கள் கொண்டு வந்து கொடுத்தவற்றில் டிஸ்கோவே இல்லாத, வெறுமனே கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஐந்து வருடம் கழித்து 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து அவர் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்'தான் முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலர் கணக்கு வைக்கிறார்கள். டிஸ்கோ செத்துவிட்டது என்று கொண்டாடிய இடத்தில் நின்ற பையன்.

அந்த வேர்ஹவுஸ் கட்டடத்தை 2023-ல் சிகாகோ நகராட்சி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. ஃபிராங்கி நக்கிள்ஸ் அதைப் பார்க்க இல்லை, 2014-லேயே போய்விட்டார்.

பெட்டி முழுவதும் தேடிவிட்டேன். உங்கள் பாட்டு என்னிடம் இல்லை. தோல்வி.

குமிழ்திருகி

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருக்கிறது. செயலி முதல் தடவை ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டாம் தடவை சொன்னதில் பியானோ இல்லை. அதில் பேஸ் எப்படி இருந்தது, கவனித்தீர்களா?

எதற்கும் நீங்கள் அவரையே கேட்டுவிடுங்கள். சுவரொட்டியில் பெயர் இருக்குமே. வார்ம்-அப் போடுகிறவர்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. நிச்சயம் பதில் வரும்.

சந்தேகப்பிராணி

என்ன சந்தேகம்? அது என் துறை, சொல்லிவிட்டுப் போங்கள்.

குமிழ்திருகி

தப்பாகப் போனால் மானம் போகும். அவர் சொல்லட்டும்.

நள்ளிரவுநடை

இரண்டு நாள் கழித்து வருகிறேன். பதில் வந்துவிட்டது. குமிழ்திருகி, நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று இப்போது புரிகிறது.

அப்படி ஒரு பாட்டே கிடையாது.

பியானோ ஒரு ரெக்கார்டு, பேஸ் இன்னொரு ரெக்கார்டு. பியானோ இருந்த தட்டில் பேஸ் குமிழை முழுதாக இறக்கிவிட்டு, மற்றதில் மேல்சுரங்களை மூடிவிட்டு, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டிருக்கிறார். கிட்டத்தட்ட ஏழு நிமிடம், விரலை எடுக்காமல். அதனால்தான் தலை நிமிரவில்லையாம். செயலி முதல் தடவை குழம்பியிருக்கிறது, இரண்டாம் தடவை பேஸ் தட்டைப் பிடித்துவிட்டது. திரும்பப் போய் அந்தப் பாட்டைக் கேட்டேன். பேஸ் அதேதான், கோபித்துக்கொண்டு நடக்கும் அதே பேஸ். பியானோவைத் தேடிய அவசரத்தில் எனக்குக் காதிலேயே விழவில்லை.

பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பத்தரை மணி செட்டை யார் பதிவு செய்வார்கள் என்று எழுதியிருந்தார். அன்று அதைச் செய்யத் திட்டமும் இல்லையாம். வெளியே போன கும்பல் திரும்பி வந்தபோது பியானோ தட்டை முடிக்க மனசு வரவில்லை, கையில் அடுத்ததாக எடுத்து வைத்திருந்தது இது, அதே சுருதியில் இருந்தது, விட்டுப் பார்த்தேன் என்கிறார். இதற்கு முன் இரண்டையும் சேர்த்துப் போட்டதே இல்லையாம்.

குமிழ்திருகி

அதேதான் நினைத்தேன். ஆனால் ஏழு நிமிடம் என்று நினைக்கவில்லை. வினைலில், கையால், ஏழு நிமிடம். எனக்கு இரண்டாவது நிமிடத்திலேயே குதிரை ஓடியிருக்கும்.

மரப்பெட்டி

மூவாயிரம் ரெக்கார்டைப் புரட்டிய எனக்கு இது தோன்றாமல் போயிற்றே! ஃபிரான்சிஸ் கிராசோ என்று ஒருவர், நியூயார்க்கில் பழைய தேவாலயம் ஒன்றைக் கிளப்பாக மாற்றிய 'சாங்க்சுவரி'யில் 1970 வாக்கில் டிஜேயாக இருந்தவர். ஒரு பாட்டின் தாளத்தையும் இன்னொன்றின் குரலையும் இரண்டு நிமிடம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடுவார் என்று படித்துப் படித்து மனப்பாடம் ஆனவன் நான். அவரிடம் இருந்த டர்ன்டேபிளும் மிக்ஸரும் இன்றைக்கு உள்ளதற்குப் பக்கத்தில்கூட வராது. படித்து என்ன பயன்.

அலைநீளம்

தூணுக்குப் பக்கத்திலும் பேஸ் அப்படியே கேட்டது என்றபோதே என் கணக்கு தப்பு என்று புரிந்திருக்க வேண்டும். காதடைப்பான் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கமாட்டேன்.

சந்தேகப்பிராணி

சரி. அந்தப் பாட்டு அந்த ஏழு நிமிடம் மட்டுமே இருந்தது, கேட்டவர்கள் அறுபது எழுபது பேர், அதில் ஒருவர் இங்கே எழுதினார். "வாசித்தார்" என்பதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் "போட்டார்" என்றும் எழுத முடியவில்லை, அடித்து அடித்து எழுதிப் பார்த்துவிட்டேன். வேறு வினைச்சொல் யாரிடமாவது இருக்கிறதா?

எட்டுக்கட்டை

கோர்த்தார்?

பின்வரிசை

நெய்தார்.

சந்தேகப்பிராணி

கவிதை வேண்டாம். எட்டுக்கட்டை சொன்னது பரவாயில்லை, யோசிக்கிறேன். அவர் அடுத்து எப்போது?

நள்ளிரவுநடை

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, அதே மேசை, அதே சின்ன எழுத்து. நான் பத்து மணிக்கே போகிறேன். வருகிறீர்களானால் பன்னிரண்டுக்கு வந்து நிற்காதீர்கள்.